ஒரே கார், பல பெயர்கள்: நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

"பிரீமியோ எடுப்பதா, அலியன் எடுப்பதா?"

வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், பழைய கார் ஒன்றைத் தேடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களிற் பலர் வெளிநாட்டில் இருக்கும் மகனோ சகோதரியோ அனுப்பிய காசைக் கையில் வைத்திருப்பவர்கள். வேறு சிலர் லீசிங்குக்கு விண்ணப்பித்துவிட்டு மாதத் தவணையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை மீண்டும் இறக்க 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கும் பொருளாகிவிட்டது கார்.

இந்த நிலையில், பிரீமியோவும் அலியனும் அடிப்படையில் ஒரே கார்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒன்று 'பெரிய ஆட்களின் கார்', மற்றது அதற்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் எமது ஊர்களில் ஆழப் பதிந்திருக்கிறது. சந்தையிலும் பிரீமியோவுக்கே வழமையாகக் கூடிய விலை. ஒரே நிறுவனம் ஒரே காரை ஏன் இரண்டு பெயர்களில் விற்கிறது? அதனால் எமக்கு வரும் நன்மை என்ன, நட்டம் என்ன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்திவாரம் ஒன்று, முகப்பு வேறு

ஒரு காரின் வெளித்தோற்றத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? தரைத்தகடு, எஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கும் இடங்கள், சில்லுகளைத் தாங்கும் அமைப்பு, ஸ்டியரிங், பிறேக், இவற்றை இணைக்கும் வயர்கள். இவை எல்லாம் சேர்ந்த அடிப்படையைத்தான் வாகனத் துறையில் 'பிளாட்போர்ம்' என்கிறார்கள். நாம் அதை அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அத்திவார வரைபடத்தை வைத்து இரண்டு வீடுகளைக் கட்டி, ஒன்றுக்குத் தூண் வைத்த விறாந்தையும் மற்றதற்குச் சாதாரண முகப்பும் போடுவதைப் போன்றது இந்த ஏற்பாடு.

ஒரு காரில் அதிகம் செலவாவது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதிக்குத்தான். எஞ்சினை உருவாக்க, மோதல் சோதனைகள் செய்ய, தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் அச்சுகளைச் செய்ய எனப் பெருந்தொகைப் பணமும் பல ஆண்டுகளும் தேவை. ஒரு அடித்தளத்தை ஐந்து கார்களுக்குப் பாவித்தால் அந்தச் செலவு ஐந்தாகப் பிரிகிறது. அதனால் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் பல பெயர்கள் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே அடித்தளத்தைக் கொடுப்பது இயல்பான முடிவு.

இதில் இரண்டு வகை உண்டு. அடித்தளத்தை மட்டும் பகிர்ந்து, உடல், இருக்கை, ஓட்டத்தின் தன்மை ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்வது ஒரு வகை. முன் கிறில், விளக்குகள், பெயர்த்தகடு ஆகியவற்றை மட்டும் மாற்றிவிட்டு அதே காரை இன்னொரு பெயரில் விற்பது மற்ற வகை. முதலாவதில் நாம் உண்மையாகவே வேறொரு காரை வாங்குகிறோம். இரண்டாவதில் நாம் வாங்குவது பெரும்பாலும் பெயரைத்தான்.

கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்ட்டும்

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் எமது வீதிகளிலேயே ஓடியது. யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டையும் அறியாத மூத்தவர்கள் இல்லை. பின்பக்கத்தில் செட்டை போன்று உயர்ந்து நிற்கும் தகடுகளுடன் வந்த அந்த இரண்டு கார்களும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

காரணம் எளிது. 1952இல் பிரித்தானியாவில் ஒஸ்ரின் நிறுவனமும், மொறிஸை உள்ளடக்கிய நஃபீல்ட் குழுமமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் என்ற ஒரே நிறுவனமாகின. அந்த நாட்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குணம் இருந்தது. ஒஸ்ரினும் மொறிஸும் சாதாரண குடும்பங்களுக்கு, வூல்ஸ்லி வசதியான உத்தியோகத்தர்களுக்கு, ரைலியும் எம்.ஜியும் வேகத்தை விரும்புவோருக்கு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஃபரினாவிடம் ஒரு வடிவத்தைப் பெற்ற நிறுவனம், 1958 டிசம்பருக்கும் 1959 ஏப்ரலுக்கும் இடையில் அதே உடலை ஐந்து பெயர்களில் சந்தைக்கு விட்டது: வூல்ஸ்லி 15/60, ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ், எம்.ஜி மக்னெற், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ரைலி 4/68.

ஐந்திலும் 1489 சீசீ கொண்ட அதே 'பி' வரிசை எஞ்சின். 1961இல் அது ஐந்திலும் 1622 சீசீ ஆக உயர்த்தப்பட்டது. எம்.ஜிக்கும் ரைலிக்கும் இரண்டு காபரேற்றர்கள் கிடைத்தன. ரைலிக்கும் வூல்ஸ்லிக்கும் உள்ளே மரப்பலகையும் தோல் இருக்கையும் கிடைத்தன. வூல்ஸ்லியின் முன் கிறிலில் இரவில் ஒளிரும் பெயர்ச்சின்னம் இருந்தது. மற்றப்படி தகடு அதே தகடு, கதவு அதே கதவு.

ஏன் ஒரே பெயரில் விற்கவில்லை? ஒஸ்ரின் விற்ற முகவர்கள் வேறு, மொறிஸ் விற்ற முகவர்கள் வேறு. நிறுவனங்கள் இணைந்தாலும் கடைகள் இணையவில்லை. ஒவ்வொரு முகவருக்கும் விற்க ஒரு கார் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களும் தங்கள் தகப்பன் ஓடிய பெயரையே வாங்க விரும்பினார்கள். அந்த விசுவாசத்தை இழக்க நிறுவனம் விரும்பவில்லை.

தடைக்காலத்தில் கிடைத்த பயன்

இங்கிலாந்தின் விற்பனையாளர்களுக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, முப்பது வருடங்களுக்குப் பிறகு, அவர்கள் கற்பனையும் செய்திராத ஓரிடத்தில் பயன்பட்டது.

1990இல் மீண்டும் போர் தொடங்கியபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. கொழும்பிலிருந்து ஒரு உதிரிப்பாகம் வந்து சேருவது பெரும்பாடு. அந்த நாட்களிலும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது, பிள்ளைப்பேற்றுக்குப் போக வேண்டியிருந்தது, செத்தவீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஓட்டங்களிற் பலவற்றை ஓடியவை இந்தப் பழைய பிரித்தானியக் கார்கள்தான்.

அவை மண்ணெண்ணெயில் ஓடின என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றிக்கொள்ளாது. ஆகவே சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடாக்கிவிட்டு, அதன் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் இன்றைய எஞ்சின்களைவிடக் குறைவு. எரிபொருளை அளந்து விடும் கணினியும் இல்லை, வெறும் காபரேற்றர்தான். அதனால் அவை அந்தக் கொடுமையைத் தாங்கின. புகையும் மணமும் வந்தன, எஞ்சின் கெதியாகத் தேய்ந்தது, ஆனாலும் ஓடியது.

தேய்ந்ததை எதைக்கொண்டு திருத்துவது? இங்கேதான் ஒரே அடித்தளம் கைகொடுத்தது. என் பெரியப்பா ஒரு கேம்பிரிட்ஜில் ஹயர் ஓடினார். அதன் இடப்பக்க முன்கதவு மட்டும் வேறு நிறம். அது ஒரு ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வந்தது. பின்னொரு காலத்தில் அதே ஒக்ஸ்போர்ட்டிலிருந்து கியர் பெட்டியும் வந்தது. ஷெல் பட்டு உடைந்தோ, ஓட ஆளில்லாமலோ கிடந்த ஒரு கார் இன்னும் இரண்டு கார்களுக்கு உயிர் கொடுத்தது. 'பி' வரிசை எஞ்சின் இந்தியாவின் அம்பாசடரிலும் நீண்ட காலம் பாவிக்கப்பட்ட எஞ்சின் குடும்பம். அம்பாசடரே 1950களின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பிறந்தது. 2014 வரை அது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. ஆகவே அந்த எஞ்சின் குடும்பத்தின் பாகங்கள் பிரித்தானியாவில் உற்பத்தி நின்ற பிறகும் முற்றாக அற்றுப்போகவில்லை.

கராச்சில் இருந்த மெக்கானிக் காரின் முகத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. எந்த எஞ்சின், எந்த வருடம் என்றுதான் கேட்டார். கார் வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

பெயர்கள் வெறுமையானபோது

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எமக்குப் பயன்பட்ட அதே ஏற்பாடு அந்தப் பெயர்களை மெல்ல மெல்ல அரித்தது. வூல்ஸ்லிக்கும் ஒஸ்ரினுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிறிலும் கொஞ்சம் மரப்பலகையும்தான் என்று வாங்குபவர் கண்டுகொண்ட பிறகு, கூடிய விலை கொடுக்க அவருக்கு என்ன காரணம்? ரைலி 1969இல் நின்றது. வூல்ஸ்லி 1975இல் நின்றது. மொறிஸ் பெயரில் கார்கள் 1984உடன் முடிந்தன. ஒஸ்ரின் பெயர் 1980களின் இறுதியில் மறைந்தது. நிர்வாகக் குழப்பம், வேலைநிறுத்தங்கள், தரக்குறைவு எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. எனினும் ஒவ்வொரு பெயருக்கும் இருந்த தனிக்குணம் கரைந்துபோனதும் அவற்றில் ஒன்று.

ஐந்திற் தப்பியது எம்.ஜி மட்டும். 2005இல் அந்த நிறுவனம் வீழ்ந்தபோது அதன் சொத்துகளைச் சீனாவின் நான்ஜிங் நிறுவனம் வாங்கியது. 2007இல் அது ஷங்ஹாயின் சாயிக் நிறுவனத்துடன் இணைந்தது. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும் எம்.ஜி கார்களின் முகத்தில் இருப்பது அதே எண்கோணச் சின்னம். அடியில் இருப்பது சீன நிறுவனமொன்றின் அடித்தளம். அதனால் அந்தக் கார் கூடாதது என்று பொருளல்ல. பெயரும் இரும்பும் தனித்தனியாக வாங்கி விற்கக்கூடியவை என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் இதே பாடத்தை இன்னும் வெளிப்படையாகக் கற்றது. கடிலாக் என்றால் அங்கே ஆடம்பரத்தின் உச்சம். 1982ஆம் ஆண்டுக்கான மொடலாக, சாதாரண செவ்ரோலே கவலியரின் அடித்தளத்திலும் ஏறக்குறைய அதே உடலிலும், கடிலாக் சிமரோன் என்ற காரை நிறுவனம் விற்றது. வாங்குபவர்கள் ஏமாறவில்லை. 1988உடன் அது நிறுத்தப்பட்டது. கடிலாக் பெயருக்கு ஏற்பட்ட கீறலை இன்றும் வாகனத் துறையினர் உதாரணமாகச் சொல்வார்கள்.

சரியாகச் செய்தால்

அடித்தளப் பகிர்வே தவறு என்று இதிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் குழுமத்தைப் பாருங்கள். வொக்ஸ்வாகன் கொல்ஃப், அவுடி ஏ3, ஸ்பெயினின் சியாட் லியோன், செக் நாட்டின் ஸ்கோடா ஒக்டேவியா ஆகிய நான்கும் தலைமுறை தலைமுறையாக ஒரே அடித்தளத்தில் நிற்பவை. 2012இலிருந்து பாவிக்கப்படும் 'எம்.கியூ.பி' என்ற அமைப்பில், முன் அச்சுக்கும் பிறேக் மிதிக்கும் இடையிலான தூரம் எல்லாக் கார்களிலும் ஒன்றே. எஞ்சின் அமரும் கோணமும் ஒன்றே. காரின் நீளம், அகலம், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றை ஒவ்வொரு காருக்கும் ஏற்ப மாற்றலாம். அதனால் ஒக்டேவியாவில் பெரிய சாமான் அறையும் ஏ3இல் நேர்த்தியான உள்வேலையும் கொடுக்க முடிகிறது.

கம்யூனிச ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஸ்கோடா என்ற பெயர் மேற்கு ஐரோப்பாவில் பகிடிக்குரியதாக இருந்தது. 1991இல் வொக்ஸ்வாகன் குழுமத்துக்குள் வந்த பிறகு, 1996இன் ஒக்டேவியாவிலிருந்து அந்தப் பெயர் மதிப்பைப் பெற்றது. அடித்தளப் பகிர்வு ஒரு பெயரை அழிக்கவும் கூடும், தூக்கி நிறுத்தவும் கூடும்.

நோயும் பகிரப்படும்

நன்மை பகிரப்படுவதுபோலக் குறையும் பகிரப்படும். 2015இல் வொக்ஸ்வாகனின் டீசல் எஞ்சின்களில், புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது அம்பலமானது. அது ஒரு பெயரோடு நிற்கவில்லை. அந்த எஞ்சின் இருந்த வொக்ஸ்வாகன், அவுடி, சியாட், ஸ்கோடா எல்லாம் சிக்கின. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள்.

எமக்கு நெருக்கமான உதாரணம் டைஹட்சு. டொயோட்டாவின் முழு உரிமையில் உள்ள இந்த நிறுவனந்தான் டொயோட்டா பாசோவையும் டொயோட்டா ரெய்ஸையும் செய்தது. அதே கார்கள் டைஹட்சு பூன், டைஹட்சு ரொக்கி என்ற பெயர்களிலும் விற்கப்பட்டன. 2023இல் டைஹட்சு பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளிவந்தது. அந்த டிசம்பரில் வெளியான விசாரணை அறிக்கையில் 64 மொடல்கள் இருந்தன. அவற்றுள் டொயோட்டா பெயரில் விற்கப்பட்டவையும் அடங்கும். எல்லா வாகனங்களின் விநியோகமும் நிறுத்தப்பட்டு, ஜப்பானிய அரசின் பரிசோதனைகளுக்குப் பிறகு 2024இல் படிப்படியாக மீண்டும் தொடங்கியது. 2024 ஜனவரியில் டைஹட்சு கிரான் மக்ஸ், டொயோட்டா டவுன் ஏஸ், மஸ்டா பொங்கோ ஆகிய சிறிய லொறிகளின் அனுமதியை ஜப்பானிய அரசு ஒன்றாக இரத்துச் செய்தது. பெயர் மூன்று, வாகனம் ஒன்று.

'டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று எமது ஆட்கள் சொல்வது வழக்கம். கண்ணைத் திறந்துகொண்டு, அதை யார் செய்தது என்று பார்ப்பதே நல்லது.

பிரீமியோவும் அலியனும்

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஜப்பானில் டொயோட்டாவுக்கு நெடுங்காலமாகப் பல விற்பனைக் கிளைகள் இருந்தன. 'டொயோபெட்' என்ற கிளைக்குக் கொரோனா இருந்தது. 'டொயோட்டா' என்ற கிளைக்குக் கரினா இருந்தது. எமது ஊர்களில் ஓடிய அதே கொரோனாவும் கரினாவும்தான். 2001இல் கொரோனாவின் வாரிசாகப் பிரீமியோவும், கரினாவின் வாரிசாக அலியனும் வந்தன. ஒஸ்ரின், மொறிஸ் முகவர்களுக்குத் தனித்தனிக் கார் வேண்டியிருந்த அதே கதை.

இரண்டிலும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் 2700 மில்லிமீற்றர். எஞ்சின் ஒன்றே, கியர் பெட்டி ஒன்றே. பிரீமியோவுக்குக் கூடுதல் குரோம் வேலைப்பாடும் நிதானமான தோற்றமும் கொடுத்தார்கள், அலியனுக்கு இளையவர்களைக் கவரும் முகத்தைக் கொடுத்தார்கள். 2020 மே மாதத்தில் ஜப்பானின் எல்லா டொயோட்டா கடைகளும் எல்லா மொடல்களையும் விற்கலாம் என்று முறை மாறியது. இரட்டைக் கார்களுக்கான தேவை இல்லாமற்போனது. 2021இல் இரண்டுமே நிறுத்தப்பட்டன.

ஆக, ஜப்பானின் இரண்டு கடைத் தொடர்களுக்கிடையில் இருந்த ஒரு ஏற்பாட்டுக்கு, அது முடிந்த பிறகும், நாம் இங்கே மேலதிகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் சசி இலக்கத்தின் முற்பகுதியைப் பாருங்கள். 2007க்குப் பிந்திய 1500 சீசீ பிரீமியோவிலும் அலியனிலும் அது 'என்.இசட்.ரி 260' என்றே இருக்கும். ரெய்ஸில் 'ஏ200ஏ', ரொக்கியில் 'ஏ200எஸ்'. கடைசி எழுத்து மட்டுமே வேறு. காரின் பிறப்புச் சான்றிதழ் இந்த எழுத்துகள்தான்.

இரண்டாவது, இரட்டைக் கார்களில் விலை குறைந்ததைத் தேடுங்கள். பெயருக்காகக் கொடுக்கும் மேலதிகத் தொகையில், ஓட்டம் குறைந்த அல்லது விபத்தில் அடிபடாத நல்ல காரை எடுக்கலாம். ஆனால் விற்கும்போதும் பெயருக்கே விலை வரும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் விற்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. பத்து வருடம் வைத்து ஓடப் போகிறவருக்குக் கணக்கு வேறு.

மூன்றாவது, அடித்தளம் ஒன்று என்பதால் எல்லாம் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். எஞ்சின், கியர் பெட்டி, சில்லைத் தாங்கும் பாகங்கள் பெரும்பாலும் பொருந்தும். விளக்கு, பம்பர், கிறில் பொருந்தாது. எயார்பேக், பிறேக், கணினிப் பெட்டி போன்றவற்றில் பாக இலக்கம் அச்சொட்டாக ஒத்திருந்தாலொழிய மாற்ற வேண்டாம். கேம்பிரிட்ஜுக்கு ஒக்ஸ்போர்ட்டின் கதவைப் பூட்டிய காலம் வேறு. அன்று கார்களில் கணினி இல்லை.

நான்காவது, ஒரு காரில் குறை இருப்பதாகச் செய்தி வந்தால் அதன் இரட்டையின் பெயரையும் தேடிப் பாருங்கள். பாசோ வைத்திருப்பவர் பூனைப் பற்றிய செய்தியையும் வாசிக்க வேண்டும்.

பெயருக்குப் பணம் கொடுப்பது குற்றமல்ல. கலியாணவீட்டு வாசலில் பிரீமியோவில் வந்து இறங்குவதில் ஒருவருக்கு மகிழ்ச்சி என்றால் அது அவருடைய உரிமை. ஆனால் அதற்காக எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர், அந்த விலையில் எவ்வளவு இரும்புக்கு, எவ்வளவு பெயருக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தவணை கட்ட முடியாமற்போகும் மாதத்தில் பெயரைப் பார்த்து எவரும் விட்டுவிடப் போவதில்லை.